நடு போல்ட்டுக்கு ஒரு பேரம்

ஹனீபாவின் வாக்குக்கு விலை எண்பது வெள்ளி. ஜாலான் புசார் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே அவன் லாரிக்கு அடியில் குனிந்து, ஒடிந்த ஸ்பிரிங் பட்டையை ஸ்பானரால் தட்டிச் சொன்ன விலை அது. ஐம்பத்தாறாம் வருஷத்தில் எண்பது வெள்ளி சின்னக் காசு இல்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குச் செம்பவாங் கப்பல்துறை கேன்டீனில் வெங்காய மூட்டை இறக்குவதாக ஹனீபா வாக்குக் கொடுத்திருந்தான். முதல் லோடு நேரத்துக்கு வந்தால் ஒரு வருஷ ஓட்டம் அவனுக்கு, வராவிட்டால் வேறொருவனுக்கு. கேன்டீன் குத்தகைக்காரர் அழகப்பன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள்தான் சொன்னபடி செய்து தொலைப்பார்கள்.

"எண்பதா? நாலு பட்டை, நாலு நட்டு. நானே மாட்டிக்குவேன்" என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு, ஹனீபா கெர்போ ரோட்டிலிருந்த தன் வீட்டுப் பின்சந்துக்கு லாரியை நொண்ட நொண்டக் கொண்டுவந்து சேர்த்தான்.

சனிக்கிழமை சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை. காதர் மைதீன் சாக்கு விரித்து இரும்பு விற்பவர். ஹனீபாவின் வாப்பா காலத்திலிருந்து பழக்கம்; அண்ணன் என்ற மரியாதையில் அவனுக்குக் காக்கா.

"பட்டை, கவ்வி, வாஷர், பட்டைங்களை நடுவுல கோக்கிற போல்ட்டு, எல்லாம் சேத்து இருபத்தஞ்சு, தம்பி."

"பத்து, காக்கா."

"இருபது." வாஷர்கள் குவியலிலிருந்து அவர் முதுகுப் பக்கம் போயின.

"பன்னெண்டு."

"பதினாறு." கவ்விகள் போயின.

"பதினாலு. இல்லேன்னா நான் போறேன்." சொன்னதோடு நில்லாமல் நடக்கவும் ஆரம்பித்தான்.

"வா தம்பி, வா. எடுத்துக்க." போல்ட் காதர் மைதீனின் மடிக்குள் போனது.

குறைந்த காசை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் குறைந்த சாமானை எண்ணத் தெரியாது. ஹனீபா பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவன் போல வீடு வந்தான்.

ஜாக்கி வைத்து லாரியைத் தூக்கிவிட்டான். தூக்கியது நிற்க முட்டு வேண்டுமே? அடுப்படியிலிருந்து ஆட்டுக்கல்லை உருட்டி வந்து, அதன்மேல் அம்மியைப் படுக்கவைத்து, அதில் லாரியை உட்காரவைத்தான்.

"மச்சான், மசாலா எதுல அரைக்க?" என்றாள் மனைவி ஜரீனா.

"லாரி எறங்கினதும் அரை."

"அதுவரைக்கும்?"

"சோறு கடையில வாங்கிக்கலாம் லா."

துருப்பிடித்த நட்டுகள் ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டும் அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி விரல் தோலை உரித்தது. கைலி ஆணியில் மாட்டி முழங்கால்வரை கிழிந்தது. பழைய நடு போல்ட் கழற்றும்போதே முறிந்தது. புதியதைத் தேடியபோதுதான், தான் அதைப் பேரம் பேசியே துரத்திவிட்டது ஹனீபாவுக்கு உறைத்தது. ஆனாலும் மனம் தளரவில்லை. பட்டைகளைக் கம்பியால் வரிந்து கட்டி, ஞாயிறு மத்தியானம் லாரியை வெளியே எடுத்தான்.

சந்து முனைக்குள்ளாகவே பின் அச்சு நழுவிவிட்டது. லாரி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போனது.

"என்னண்ணே, லாரியா நண்டா?" என்றார் பால்காரர் மருதப்பன். "மூக்கணாங்கயிறு போடாத எருமைகூட இப்படிப் போகாதே!"

திருப்பிக் கொண்டுவந்து மறுபடி அம்மிமேல் ஏற்றிவிட்டு, ஹனீபா சுங்கை ரோட்டுக்கு ஓடினான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காதர் மைதீன் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"போல்ட்டா? மூணு வெள்ளி."

ஐம்பது காசு பெறாத சாமான். ஹனீபா வாய் திறக்காமல் மூன்று வெள்ளியை நீட்டினான்.

காதர் மைதீனின் கை பாதியில் நின்றது. "ஏன் பேரம் பேசல?"

"அவசரம், காக்கா."

"ஒங்க வாப்பா ஆஸ்பத்திரியில ஊசிக்கே வெல கேட்ட ஆளு. நீ பேசாம குடுக்கிறேன்னா இதுல என்னமோ இருக்கு." போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விக்கல. நாளைக்கு நாலு பேரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

செம்பவாங் ஓட்டம் அந்த மடிக்குள் போகப் பார்த்தது. ஹனீபா சட்டென்று காசை மடக்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"வச்சுக்குங்க. துருப்புடிச்ச ஆணி. அம்பது காசுக்கு மேல எவனும் தொடமாட்டான்."

காதர் மைதீனின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! ரெண்டரை."

"முக்கால். கூட அந்தக் கவ்வியும் வாஷரும்."

"அடப்பாவி, என் புள்ளகுட்டி என்ன திங்கிறது?"

ஒன்றரை வெள்ளிக்கு முடிந்தது. கவ்வி, வாஷர், அவர் வாங்கித் தந்த ஒரு கோப்பை தே எல்லாம் உள்பட.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போல்ட் உட்கார்ந்தது. ஜாக்கியை இறக்கும்போது லாரி ஒரு குலுங்கு குலுங்கியது. அம்மி இரண்டாகப் பிளந்தது. லாரி நேராக நின்றது.

திங்கள் காலை மணி ஏழு அடிக்குமுன் மூட்டைகள் இறங்கின. அழகப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாளைக்கும் இதே நேரம்" என்றார்.

சாயங்காலம் ஹனீபா சட்டமாக உட்கார்ந்து கணக்குச் சொன்னான். "பட்டை பதினாலு. போல்ட்டு ஒண்ணரை. கடைச்சோறு பதினொண்ணு. கைலி, மருந்து, மண்ணெண்ணெய் ஏழரை. ஆக முப்பத்தினாலு. தவுக்கே கேட்டது எண்பது. நாப்பத்தாறு வெள்ளி மிச்சம், பாத்தியா!"

ஜரீனா அம்மியின் இரண்டு துண்டுகளையும் அவன் முன்னால் வைத்தாள். "எங்க உம்மா நாகூர்லேருந்து கப்பல்ல கொண்டாந்தது. நாப்பத்தேழு வெள்ளி."

ஹனீபா வாயைத் திறந்தான்.

"பேசுங்க மச்சான், நல்லாப் பேசுங்க. கொறைக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும் அந்தக் காக்கா மாதிரி நானும் ஒண்ணொண்ணா மறைச்சு வச்சிடுவேன். மொதல்ல போறது சோறு."

ஹனீபா வாயை மூடிக்கொண்டு நாற்பத்தாறை எண்ணி வைத்தான். பாக்கி, ஒரு வெள்ளி.