இரண்டாவது பெயர்

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்குப் புத்தி சொல்வதில் கேபின் அக்காவை மிஞ்ச அந்தப் பயண அலுவலகத்தில் ஆள் கிடையாது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்கள் நேராக அவள் மேசைக்குத்தான் வருவார்கள்.

"நடுக் கப்பல்ல எடுங்க, ஆட்டம் தெரியாது. டான்ஸ் ஹாலுக்குக் கீழ இருக்கிற கேபினை மட்டும் வாங்கிடாதீங்க. ராத்திரி பூரா உங்க மண்டை மேலதான் குதிப்பாங்க."

"பெட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும். மாத்திரை, மாத்துத்துணி ரெண்டும் கைப்பையில இருக்கட்டும்."

"ஒரு கேபின்ல ஒருத்தர் டிரிங்க்ஸ் பேக்கேஜ் எடுத்தா இன்னொருத்தரும் எடுத்தே ஆகணும். அவங்க வெறும் தண்ணி குடிக்கிற ஆளா இருந்தாலும் சரி."

"லாக்கர்ல நகை வச்சா கூடவே ஒத்தச் செருப்பையும் வச்சுப் பூட்டுங்க. வெறுங்காலோட இறங்க முடியாதில்ல, அப்ப ஞாபகம் வரும். கடைசி நாள் இறங்கிட்டா இறங்கினதுதான். தலைகீழா நின்னாலும் திரும்ப ஏத்த மாட்டாங்க."

இத்தனையும் சொல்கிறவள் அதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் அவளும் அம்மாவும்தான். அவள் ஒரே பிள்ளை.

தனியாகப் போகிறவர்களுக்கென்று அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். கப்பல்காரர்களின் சலுகை எல்லாம் இருவராகப் போகிறவர்களுக்குத்தான். ஒற்றை ஆளாகப் போனால் இரண்டு பேர் கட்டணம் தலையில் விழும். "அதனால ரெண்டாவதா ஒரு பேர் போட்டுடுங்க. சொந்தக்காரங்க பேரு, யார் பேரோ. பாஸ்போர்ட் விவரம் அப்புறம் தர்றோம்னு டிக் அடிச்சாப் போதும். ஏறுற அன்னிக்கு அந்த ஆள் வரலைன்னா வரலை. யார் கேக்கப் போறா?" இந்த யோசனையைக் கேட்டுப் போன மருந்துக்கடைக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், மறு வருஷம் வந்து "எப்பவும் போல எங்க ரெண்டு பேருக்கும் போடுங்கம்மா" என்றார். மறுபடி கல்யாணம் செய்துகொண்டாராக்கும் என்று கேபின் அக்கா வாழ்த்துச் சொன்னாள். அவர் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் தன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் அவளே கிளம்பினாள். ஆறு நாள் பயணம். அம்மாவுக்குக் கப்பல் என்றாலே தலை சுற்றும், வரவில்லை என்றுவிட்டாள். ஆகவே ஆயிரம் பேருக்குச் சொன்னதைக் கேபின் அக்கா தனக்கும் செய்துகொண்டாள். இரண்டாவது பயணி, உறவு: தங்கை. வயது: நாலு குறைச்சல். பெயர் கேட்டபோது, சின்ன வயதில் தன் பொம்மைக்கு வைத்திருந்த பெயரைத் தட்டினாள். ஒரே பிள்ளையாக வளர்ந்த வீட்டில் அந்தப் பொம்மையோடுதான் சண்டை, சமாதானம் எல்லாம். உணவில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்ற கட்டம் வந்ததும் சிரிப்பு வந்தது. 'மீன் ஆகாது' என்று அடித்தாள். ஜன்னல் பக்கக் கட்டில் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். பொய் சொல்வது என்று ஆன பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

துறைமுகத்தில் ஏறுகிற வாசலில் கவுன்டர் பெண், நுழைவுச்சீட்டும் கேபின் சாவியுமான அவள் கார்டை வாங்கி இயந்திரத்தின் மேல் வைத்தாள். 'டிங்' என்றது. திரையில் கேபின் அக்காவின் முகம் வந்தது.

"உங்க தங்கச்சி அப்பவே ஏறிட்டாங்களே மேடம்."

"யாரு?"

"ரெண்டாவது கார்டு. பதினொரு மணிக்கே 'டிங்' ஆகியிருக்கே. நீங்க சேர்ந்து வரலையா?"

கேபின் அக்கா கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும். கட்டண வித்தியாசம் போகட்டும்; அலுவலகத்தின் பெயரும் சேர்ந்து நாறும். இயந்திரக் கோளாறு, வேறென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கெடுத்தாலும் அவசரம் அவளுக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

கேபின்கள் இருந்த நடை நீளமாக, ஒரே மாதிரிக் கதவுகளாக இருந்தது. அடையாளத்துக்குக் கதவில் காந்தப் பொம்மை ஒன்றை ஒட்டிவையுங்கள் என்பதும் அவளுடைய உபதேசம்தான். அதற்காக வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து மஞ்சள் வாத்து ஒன்றை எடுத்து வந்திருந்தாள். தன் கதவைக் கண்டுபிடித்தபோது அதில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாத்து ஒட்டியிருந்தது. கைப்பையைத் துழாவினாள். அவளுடைய வாத்து பைக்குள்தான் இருந்தது. அதையும் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினாள்.

உள்ளே இரண்டு கட்டில்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலின் விரிப்பில் யாரோ சற்று முன் உட்கார்ந்து எழுந்த பள்ளம். கையை வைத்துப் பார்த்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

கேபினைக் கவனிக்கிறவர் வந்தார். தலை முழுக்க நரைத்த மனிதர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் ரூம்பாய்தான். "தங்கச்சி இன்னொரு தலையணை கேட்டாங்கம்மா, வச்சிட்டேன். நல்ல கலகலப்பு. உங்களைப் பத்திதான் பேச்சு."

"என்னைப் பத்தி என்ன சொன்னா?"

"அக்கா குறட்டை விடுவாங்க, அதான் ரெண்டு தலையணை, ஒண்ணு காதுக்குன்னாங்க." அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கேபின் அக்கா குறட்டை விடுவது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

இரவுச் சாப்பாட்டுக்கு இருவர் உட்காரும் மேசை. பரிமாறுகிறவர் அவள் முன்னால் மீனும், எதிர்த் தட்டில் காய்கறியும் வைத்தார். "மீன் ஆகாதுன்னு குறிப்பு இருக்கு, சமையல்காரர்கிட்ட தனியா சொல்லிட்டேன்." அவள் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது எதிர்த் தட்டு காலியாக இருந்தது. கரண்டியும் முள்கரண்டியும் சேர்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து மேசையில், வாயில் ரொட்டியோடு பேசுகிற ஒரு பருத்த அம்மாள் அவள் பக்கம் சாய்ந்தாள்.

"உன் தங்கச்சி என்னமா பேசுறா! வயிறு வலிக்கச் சிரிச்சேன். நீ ஏன்மா உம்முனு இருக்கே? ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதானே?"

"அவ எந்தப் பக்கம் போனா?"

"இப்பத்தானே உன்னைத் தாண்டிப் போனா! இடிச்சுக்கூட விட்டாளே, 'பாத்து வாக்கா'ன்னு."

தோளில் ஏதோ இடித்தது உண்மைதான். அவள் அது கதவு என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் மேல்தளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவளிடம் பானம் பரிமாறுகிறவன் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்தான். உப்புப் போட்டது, சர்க்கரை இல்லாதது. அவள் எப்போதும் குடிக்கிறபடி. தான் கேட்கவில்லை என்றாள். "உங்க தங்கச்சி பேக்கேஜ் எடுத்துட்டாங்க மேடம். ஒருத்தர் எடுத்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான், தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? எத்தனை பேருக்குத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்! குவளை வியர்த்து வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளிம்பில் யாரோ ஒரு வாய் குடித்துப் பார்த்த ஈரம் இருந்தது. சின்னப் பிள்ளைகள்தான் அப்படி, அடுத்தவர் குவளையில் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுக் கொடுக்கும்.

இரண்டாவது துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கைப்பேசிக்கு உயிர் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"என்னடி, இப்பதான் ஞாபகம் வந்துச்சா? சின்னவ தினமும் கூப்பிடுறா. உனக்கு மட்டும் என்ன கேடு?"

"யாரும்மா கூப்பிட்டது?"

"நல்லாப் பேசுற போ! ரெண்டு பேரும் சண்டையா? கப்பலேறியும் அடங்கமாட்டீங்களா? அவகிட்ட குடு போனை."

கேபின் அக்கா இணைப்பைத் துண்டித்தாள். தளத்தில், தாழ்வாரத்தில், சாப்பாட்டுக் கூடத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அவள் தங்கையாக இருந்துவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் எப்படிப் போனாள்? தன் வீடு கண்முன் வந்தது. இரண்டு அறை, ஒரு ஊஞ்சல், அம்மாவுக்குப் பக்கத்தில் தான் படுக்கும் பாய். அந்தப் பாயில் இன்னொருத்தி புரண்டு படுப்பதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கப்பலோடு வந்தது கப்பலோடு போகவேண்டும். தான் தனியாக ஏறினாள், தனியாகத்தான் இறங்கவேண்டும். அன்று முதல் அது ஒன்றே அவள் நினைப்பாக இருந்தது.

வழியும் அவளுக்குத் தெரிந்ததுதான். இறங்குகிற வாசலில் ஒவ்வொருவர் கார்டுக்கும் ஒரு 'டிங்'. கார்டு இல்லாதவர் இறங்க முடியாது. மற்றவர்கள் முந்தின நாள் சாயங்காலமே பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, மறுநாள் வரிசை எண் கூப்பிடும்வரை காத்திருப்பார்கள். தன் பெட்டியைத் தானே தூக்கிப் போகிறவர்களை மட்டும் முதலில் விடுவார்கள். அவள் முதல் ஆளாகப் போகத் தீர்மானித்தாள்.

கடைசி நாள் காலையில் அவள் கண் விழித்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதுவரை அப்படிக் கேட்டதில்லை. கதவின் அடியில் வெளிச்சம். ஜன்னல் பக்கக் கட்டிலின் தலையணை மேல் கார்டு ஒன்று கிடந்தது. பொம்மையின் பெயர் அச்சடித்த கார்டு. கேபின் அக்கா மூச்சு விடாமல் அதை எடுத்து லாக்கருக்குள் வைத்தாள். பிறந்த நாள், வீட்டு எண் எதுவும் வேண்டாம். யாராலும் ஊகிக்க முடியாததாக, தனக்கே ஒட்டாத ஏதோ நாலு இலக்கங்களை அமுக்கினாள். லாக்கர் முனகிவிட்டுப் பூட்டிக்கொண்டது. செருப்பு இரண்டையும் காலில் மாட்டிக்கொண்டாள்.

பெட்டியின் சக்கரம் கதவு நிலையைத் தாண்டும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அக்கா, ஒரே நிமிஷம். தலை துவட்டிட்டு வந்துடறேன்."

ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் திரும்பாமல் போகமாட்டாள் என்ற நிச்சயம் அந்தக் குரலில் இருந்தது. அவள் திரும்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு மஞ்சள் வாத்துகளையும் தாண்டி, நடையின் முடிவுவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இறங்கும் வாசலில் 'டிங்'. திரையில் அவள் முகம். காவலர் தலையசைத்தார். தரை காலில் பட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளி வேலியோரம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தண்ணீர்ப் பாட்டில். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு பார்வை மகளின் தோளுக்குப் பின்னால் போனது. அங்கேயே நின்றது.

"சின்னவ எங்கடி?"

"அம்மா, யாரைம்மா கேக்குற? நான் ஒருத்திதானே உனக்கு?"

அம்மா முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் முகத்தில் வந்த பயத்தைக் கேபின் அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை. "விளையாடாதடி. எங்க என் பிள்ளை? எங்க விட்டுட்டு வந்த?"

என் பிள்ளை என்று அம்மா சொன்ன அந்த நொடியில், உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்துகொண்டது. இருவருக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டு, ஒரே போர்வைக்குள் கிடந்த நாட்கள். சொறியாதே, சொறியாதே என்று தான் பிடித்துக்கொண்டிருந்த சின்னக் கை. பொம்மைக்கு ஏது அம்மை? மீன் முள் தொண்டையில் சிக்கி அவள் நீலம் பாரித்தது. அதற்குப் பிறகு அவள் மீன் தொட்டதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு கால் செருப்பைத் தொலைத்துவிட்டு, அடி விழுமென்று பயந்து, அக்காவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எல்லாம் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, தன் பெயரைப் போல நிச்சயமாக வந்தது.

பெட்டியைப் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடினாள்.

"என் தங்கச்சி உள்ள இருக்கா சார். கார்டு லாக்கர்ல மாட்டிக்கிச்சு. ஒரு தடவை விடுங்க, கூட்டிட்டு வந்துடறேன்."

"இறங்கினவங்களைத் திரும்ப ஏத்த மாட்டோம்மா."

"தெரியும் சார், எனக்குத் தெரியாதா? அவளையாவது இறக்கி விடுங்க."

காவலர் கேபின் எண்ணைக் கேட்டுத் திரையைத் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். அவள் பார்க்கட்டும் என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"அந்தக் கேபின்ல நீங்க ஒருத்தர்தானேம்மா. ரெண்டாவது பேர் வரவே இல்லைன்னு இருக்கே."

கப்பல் ஊதியது. பின்னால் அம்மாவின் கைப்பேசி அடித்தது. அம்மா அதைக் காதில் வைத்து, "கண்ணு, எங்கடி இருக்க?" என்று கேட்டுவிட்டுப் பெரியவளிடம் நீட்டினாள்.

"அக்கா." கோபமே இல்லாத குரல். தலை துவட்டிய துணியின் சரசரப்புக்கூடக் கேட்டது. "என் கார்டை லாக்கர்ல வச்சியாக்கா? நம்பர் சொல்லு, எடுத்துட்டு வந்துடறேன். அடுத்த ஆளுக்குக் கட்டில் விரிக்க ரூம்பாய் வந்துட்டார். நான் கூப்பிடுறேன், அவருக்குக் காது கேக்கல."

கேபின் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மைத் தழும்புகள் தங்கையின் உடம்பில் எங்கெங்கே என்று சொல்லமுடியும். அவள் தொலைத்த செருப்பு எந்தக் கால் என்று சொல்லமுடியும். நாலே நாலு இலக்கங்கள். விரல்களைக் காற்றில் அமுக்கிப் பார்த்தாள், மறுபடி அமுக்கிப் பார்த்தாள்.

"சொல்லுக்கா," என்றது குரல். "நான் காத்திருக்கேன்."