தகவலாளி பதினான்கு

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பேராசிரியர் தன் மனைவியிடம் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: சாப்பாடு ஆயிற்றா, என் கண்ணாடி எங்கே. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் சாயங்காலம், அவள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "செத்தப்புறம் என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதே. உலகப்பார்வைன்னு ஒண்ணு இருக்கு," என்று விளக்கினார். "எது நல்லது, எது கெட்டது, மனுஷன் எதுக்காகப் பொறந்தான், எல்லாத்துக்கும் நம்ம மனசு ஒரு பதில் வச்சிருக்கும். அதை வச்சுத்தான் மத்ததெல்லாம் பாக்கறோம்."

"எனக்குமா இருக்கு?"

"எல்லாருக்கும் உண்டு."

அந்த ஒரு சொல்லில் அவள் மனம் குளிர்ந்துபோயிற்று. மூன்று வாரம் தினமும் கேட்டார், தினமும் சொன்னாள். கேட்க ஆளில்லாமல் அடிமனதில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"டாக்டர் சீட்டுல நாலு மாத்திரை எழுதியிருக்கும். காசு பத்தாதவங்க இதுல எதை வாங்காம விட்டா உசுருக்கு மோசமில்லைன்னு கேப்பாங்க. சாமி இருக்கோ இல்லையோங்க, அந்த நேரத்துல எதிர்ல நிக்கிற நான் மூஞ்சியத் திருப்பிக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்று அந்தப் பைத்தியக்காரி நம்பினாள்.

அவர் கையால் எழுதும் ஆய்வு நூல்களை எப்போதும் அவள்தான் தட்டச்சு செய்வாள். இந்த முறை நான்காம் அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. "தகவலாளி 14. பெண், மருந்துக்கடை ஊழியர். உலகை விற்பனை மேசைக்கு அப்பால் காண இயலாதவர். குறுகிய உலகப்பார்வைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு."

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"இது நானா?"

"நீதான். பேரு போடலையே, அப்புறம் என்ன?"

"எங்கிட்ட ஆசையாப் பேசுறீங்கன்னு நினைச்சேன்."

ஊரார் மனசையெல்லாம் அளந்து எழுதியவர் வீட்டுக்காரியின் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த மூன்று வாரமும் கேட்ட அதே இதமான குரலில், "இப்ப உனக்கு மனசு எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு," என்றார்.

அவள் கையிலிருந்த தாளை அவர் மேசைமேல் வைத்தாள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லங்க," என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டார்.