மைனாவின் கடைசி வரி

தெஜோவுக்கும் திஹமேருக்கும் இருபத்தைந்து வருடமாக ஒரு பெண்ணை முன்னிட்டுச் சண்டை. இருவருடைய மனைவிமாருக்கும் அது தெரியும். வருத்தம் ஒன்றுமில்லை, சலிப்பு மட்டும்தான். அந்தப் பெண் ஒரு கணினி விளையாட்டில் வருகிற போர் விமானி. பெயர் ஓர்லா கீன். ரேடியோவில் எல்லோரும் அவளை மைனா என்று கூப்பிடுவார்கள்.

விளையாட்டின் பெயர் ‘சாம்பல் அணி’. மொத்தம் நான்கு பாகங்கள். விண்வெளியில் மனிதர்களின் கப்பல்களுக்கும் கோர்வா என்கிற இனத்துக்கும் போர். நாம் ஒரு சின்னப் போர்க்கலத்தை ஓட்டிக்கொண்டு தளபதி ஹாஸ்க்கின் தாய்க்கப்பலுக்குக் காவலாகப் போக வேண்டும். இரண்டாம் பாகத்தின் கடைசிச் சண்டையில், வேய்ல் வாசல் வழியாகத் தாய்க்கப்பல் தப்பிப் போகும். மைனா மட்டும் பின்தங்கி எதிரிகளை மறித்து நிற்பாள். ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வரும். திரையின் அடியில் ஒரு வரி தோன்றும்.

“காத்திருக்காதீங்க. சூப் ஆறிடும்.”

பிறகு திரை முழுக்க வெள்ளை. மூன்றாம் பாகத்தில் அவள் பெயரே வராது.

ஹங்கேரியில் எங்கள் செகெட் நகரத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு சங்கம் உண்டு. என்னையும் சேர்த்து ஏழு பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் டிஸா ஆற்றங்கரையில் உள்ள மீன் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். நான் டிராம் ஓட்டுகிறேன். தெஜோ ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். திஹமேர் பல் மருத்துவர். அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தவர்களில் பாதிப் பேருக்காவது மைனா எப்படிச் செத்தாள் என்பது தெரிந்திருக்கும்.

ஏனென்றால் திஹமேரின் கட்சி, அவள் செத்துவிட்டாள் என்பது. “நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க, நான் வர மாட்டேன்னு சொல்றா. இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்?” என்பார்.

தெஜோவின் கட்சி வேறு. “சூப் சூடா இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவ ஏற்கெனவே ஒரு சமையலறை இருக்கற கப்பலுக்குள்ள போயிட்டா. போர்க்கலத்துல அடுப்பு கெடையாதுடா. அவ உயிரோட இருக்கா.”

“அடுப்பை வெச்சு ஆளைக் காப்பாத்தற ஒரே ஆளு நீதான்.”

“நீ ஈறைப் பார்த்தே ஆளைச் சாகடிக்கறவன்.”

இப்படியே இருபத்தைந்து வருடம்.

போன வசந்தத்தில், இரண்டாம் பாகம் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுக்காக ஒரு சிறப்பு மலர் போடுவதென்று முடிவானது. எங்கள் ஹங்கேரிய மொழியில் அதை யார் எழுதினார்கள் என்று தேடி ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மொழிபெயர்ப்பு: பி. பரன்யி’ என்று மட்டும் இருந்தது. தொலைபேசிப் புத்தகத்தில் பரன்யிகள் நிறைய. ஆறாவது எண்ணில் ஒரு வயதான பெண் குரல் எடுத்தது.

“பிரோஷ்காதான் பேசறேன். யாரும்மா?”

“தொண்ணூத்தெட்டுல நீங்க ஒரு கம்ப்யூட்டர் கேமை மொழிபெயர்த்தீங்களா?”



“அந்த நீர்மூழ்கிக் கப்பல் கதையா?”

“இல்லம்மா, விண்வெளிக் கதை.”

“விண்வெளியா? அப்படியா. எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

நான் டிராம் பணிமனைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். எங்கள் விளையாட்டில் விமானிகள் ‘மேலே மிதந்து வா’ என்று ஆணையிடுவார்கள். ‘நீரழுத்தம் கூடுகிறது’ என்று அலறுவார்கள். வேய்ல் வாசலுக்கு அப்பால் வெளி ஏன் திரவமாக இருக்கிறது என்று தெஜோ பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார், வாய்பாடுகளோடு.

இதை நான் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன.

நான் அழைத்தபடி பிரோஷ்காம்மா அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். எழுபத்தொரு வயது. தொழிற்சாலைகளுக்கு பம்பு, கொதிகலன் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைத்தவர். ஒரு டப்பா நிறைய வீட்டில் சுட்ட பொகாசா என்கிற உப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தார். மற்ற நான்கு பேரும் உடனே அந்தப் பக்கம் நகர்ந்து தின்ன ஆரம்பித்தார்கள். தெஜோ மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்தொரு கேள்வி எழுதி வைத்திருந்தார்.

“பிரோஷ்காம்மா, மொதல் கேள்வி. வேய்ல் வாசலுக்கு அப்புறம் வெளி திரவமா மாறுதே, அது மூலத்துலயே அப்படித்தான் இருந்துதா?”

“நான் அதை நீர்மூழ்கிக் கப்பல்னு நெனச்சுட்டேன், தம்பி. கப்பல்னு வந்துது, தளபதின்னு வந்துது, டார்பிடோன்னு வந்துது. படம் எதுவும் அனுப்பலை. வரிசையா வெறும் எழுத்துதான் வந்துது. யாரு யாருகிட்ட பேசறாங்கன்னுகூடத் தெரியாது.”

திஹமேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெஜோ நிதானமாகப் பதினோரு கேள்விகளைக் கோடு போட்டு அடித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“சரி, அது போகட்டும். மைனாவோட கடைசி வரி. ‘சூப் ஆறிடும்.’ அதுக்கு ஆங்கிலத்துல என்ன இருந்துது?”

“சூப்பா?” அவர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். “ஓ, அதுவா. அது காலி வரி.”

“காலின்னா?”

“ஆங்கிலத்துல ஒண்ணும் இல்லை. வரியோட நம்பர் மட்டும் இருந்துது. காலியா விட்டா ப்ரோக்ராம் நின்னுடும், எதையாவது போட்டு நிரப்புங்கன்னு அனுப்பினவங்க சொல்லிட்டாங்க. என்னத்தைப் போடறதுன்னு உக்காந்திருந்தேன். அன்னிக்கு என் மக புடாபெஸ்ட்லேருந்து ரயில்ல வர்றதாச் சொல்லியிருந்தா. வரலை. நான் ஜன்னலையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் லயோஷ் சமையலறையிலேருந்து, காத்திருக்காதே, சூப் ஆறிடும்னார். அதையே தட்டிட்டு எழுந்து போயிட்டேன்.”

 பொகாசா தின்றுகொண்டிருந்தவர்களும் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது திஹமேர். “ஆக, மூலத்துல அவ ஒண்ணும் சொல்லலை. வெறும் இரைச்சல். செத்தவ பேச மாட்டா. முடிஞ்சுது கதை.”

தெஜோவின் முகம், நிறுத்திய இடத்தில் சைக்கிளைக் காணாதவன் முகம் மாதிரி இருந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பார்க்க ஆசைப்பட்ட முகம் இதுவல்ல. அவர் நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“எழுதினதாலேயே அவங்களுக்கு அது புரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லை” என்றார் கடைசியில்.

“டேய், அவங்கதான்டா எழுதினாங்க.”

“எழுதினா என்ன? இருபத்தஞ்சு வருஷமா அந்த வரியோட குடித்தனம் பண்ணினது யாரு, அவங்களா நானா?”

“அது நியாயம்தான்” என்றார் பிரோஷ்காம்மா. “நான் மறந்தே போயிட்டேன். சரி, யாரு அந்தப் பொண்ணு? இவ்வளவு சண்டை போடறீங்க. எனக்குக் காட்டுங்களேன்.”

அவர் அந்த விளையாட்டை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தெஜோ மடிக்கணினியைத் திறந்து கடைசிச் சண்டையைத் தொடங்கினார். பிரோஷ்காம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். நட்சத்திரங்கள் வந்ததும், “அட, நெசமாவே தண்ணி இல்லை” என்றார்.

தாய்க்கப்பல் வாசலுக்குள் போனது. மைனாவின் போர்க்கலம் திரும்பி நின்றது. இரைச்சல். அடியில் அந்த வரி. வெள்ளை.

பிரோஷ்காம்மா கண்ணாடியைக் கழற்றித் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். “லயோஷ் போய் ஒன்பது வருஷமாச்சு” என்றார். “அவர் பேசினது எதுவும் எங்கிட்ட பதிவா இல்லை. ஒரு கேசட்டுகூட இல்லை. இங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது.” மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இன்னொரு தடவை போடுங்க” என்றார்.

இன்னொரு தடவை போடுவது அவ்வளவு சுலபமில்லை. நடுவில் சேமிக்க முடியாத சண்டை அது, முதலிலிருந்து ஆட வேண்டும். தெஜோ அவசரமாக ஆடினார். இரண்டு முறை சுடப்பட்டு வெடித்துப் போனார்.

“தள்ளு” என்று திஹமேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். “எப்பவும் இடது பக்கமே திரும்புவே. வாசல் இருக்கறது வலது பக்கம்.” பல் பிடுங்குகிற கை, அசையாமல் ஆடி முடித்தார். 

இந்த முறை பிரோஷ்காம்மா எழுத்தைப் பார்க்கவில்லை. “அந்தப் பொண்ணு எதுக்கு விளக்குப் போடறா?” என்றார்.

“எந்த விளக்கு?”

“ரெக்கை நுனியில. மூணு தடவை மின்னிச்சே.”

மூன்றாவது முறையும் ஆடினார் திஹமேர். எல்லோரும் எழுந்து வந்து குனிந்தோம். இருந்தது. இடது இறக்கையின் நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு, வெள்ளை வருவதற்கு முன் மூன்று முறை. இருபத்தைந்து வருடமாக நாங்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. அந்த நேரத்தில் எல்லோரும் கீழே சூப்பைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலமே நான் வெளிநாட்டு ரசிகர்களின் இணையக் குழுவில் போய்க் கேட்டேன். தெஜோ அந்தப் பக்கம் போவதில்லை. வெகு காலத்துக்கு முன் அங்கே சூப் பற்றிக் கேட்டு, பதில் கிடைக்காமல் கேலி மட்டும் வாங்கியவர். எனக்குப் பதில் உடனே வந்தது. விளக்கா, அதைப் பற்றித்தானே நாங்கள் ஆரம்பத்திலிருந்து அடித்துக்கொள்கிறோம், நீங்கள் இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மூன்று மின்னல் என்றால் ‘இறங்க அனுமதி கொடு’, அதாவது அவள் உயிரோடிருக்கிறாள் என்று ஒரு கட்சி; வெறும் மின்கசிவு என்று இன்னொரு கட்சி. அங்கேயும் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

நான் பிரோஷ்காம்மா கதையை அப்படியே எழுதினேன். ரயில், ஜன்னல், சமையலறை எல்லாம். முந்நூறு பதில்களுக்கு மேல் வந்தன. போர்ச்சுகல்காரர் ஒருவர், தன் கணினியிலும் அந்த வரி தெரிய வேண்டும், எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார். அதை அச்செடுத்துத் தெஜோவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திஹமேர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் எதுவும் சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மலர் ஜூனில் வந்தது. முதல் பக்கத்தில் பிரோஷ்காம்மாவின் பெயர் முழுதாக இருந்தது, பெரிய எழுத்தில். பதினான்கு பக்கக் கட்டுரையையும் சேர்த்தோம். தலைப்பை மட்டும் தெஜோவே ‘தண்ணீர் இல்லாத இடத்தில்’ என்று மாற்றினார்.

மலரை வாங்கிக்கொள்ள வந்த பிரோஷ்காம்மா, வாங்கியதும் கிளம்பவில்லை. உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கணினியில் முதல் பாகத்தை ஆடி முடித்துவிட்டு, இரண்டாம் பாகத்தில் பாதி வரை வந்துவிட்டாராம்.

“நீங்க ரெண்டு பேரும் சொல்றது சரியில்லை” என்றார். “அவ செத்தாளா பொழைச்சாளான்னு இல்லை கேள்வி. அவளை அங்க விட்டுட்டுப் போனது யாரு? உங்க தளபதி ஹாஸ்க். நாலாவது சண்டையில அவன் பேசறதைக் கவனிச்சீங்களா? அவளைத் திட்டம் போட்டுத்தான் பின்னாடி நிறுத்தறான்.”

ஹாஸ்க் யார் என்றால், தெஜோவும் திஹமேரும் பதினாறு வயதில் யாரைப் போல ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ, அந்த ஆள்.

“தளபதி அப்படிப்பட்டவர் இல்லைம்மா” என்றார் தெஜோ.

“இல்லவே இல்லை” என்றார் திஹமேர்.

“அந்த வசனத்தை எழுதினதே நான்தான்.”

“நீங்க அதை நீர்மூழ்கின்னு நெனச்சு எழுதினீங்கம்மா” என்றார் திஹமேர்.

“நீர்மூழ்கியிலயும் துரோகி துரோகிதான், தம்பி.”

தெஜோ நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். திஹமேர் எட்டி அதில் ஒரு பக்கத்தைக் காட்டி, “அதைச் சொல்லு, மூணாவது சண்டையில அவர் திரும்பி வந்தாரே, அதைச் சொல்லு” என்று அவர் காதருகே சொல்லிக்கொடுத்தார். ஐந்து மணிக்கு எனக்கு டிராம். நான் கிளம்பும்போது இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரோஷ்காம்மா கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுக்கும் இணங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.