மூன்றாவது புயல்

1

இந்தக் கதை பிறந்தது என் வாய்க்கொழுப்பால். எங்கள் ஊர் ராஸ் தூத்தின் கடற்கரைக் கோவிலுக்கு வரலாறு எழுத ஆள் தேடிய பாதிரியார் பூலோஸிடம், "இதென்ன பெரிய வேலையா சாமி?" என்று சொல்லித் தொலைத்தேன். போன மாரியில் புயல் இடித்த மணிக்கூண்டை மறுபடி கட்டியாகிவிட்டது. சிலுவைத் திருநாளன்று ஆயர் முன்னிலையில் என் வரலாற்றை வாசிப்பார்கள். பிறகு கிழவர் தன்னூஸ் முதல் மணி அடிப்பார். தாம் இளவட்டமாக இருந்த காலத்தில் வேறொரு புயலில் கடலுக்குள் விழுந்த மணியை முங்கி மீட்டவர் அவர்தானே!

2

"முதல் புயல் கூரையைக் கொண்டுபோனது. இரண்டாவது, கடல்பக்கச் சுவரை. மூன்றாவது புயல், ஒரு சிலுவைத் திருநாளன்று, பேயாய்ச் சுழன்று..."

(இங்கே பேனா நின்றது. காரணம் தன்னூஸேதான். அன்று சாயங்காலம் வழக்கம்போல், மணி விழுந்த அந்தத் திருநாளில் ஊர் முறைப்படி தீ மூட்டித் தாண்டிய கதையை அளந்துகொண்டிருந்தார்.)

"புயலடிச்ச அன்னிக்கா தீ மூட்டினீங்க?"

"கொஞ்ச நேரம்தான் அடிச்சுது தம்பி."

"எம்புட்டு நேரம்?"

"மணி விழுற வரைக்கும்."

அப்புறம் கக்கிவிட்டார். எங்கள் ஊர் இளவட்டங்களுக்குத் திருநாளில் ஒரு வீம்பு உண்டு: கயிற்றை இழுத்து, மணியின் வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்த வேண்டும். தன்னூஸ் நிறுத்தினார். கூண்டின் வளைவு விரிந்து, கல்லும் மணியும் கடலுக்குப் போயின. ஆயர் இந்த விளையாட்டையே தடுத்துவிடுவார் என்று பயந்து, புயல்தான் என்று ஊரே சத்தியம் செய்தது.

"எழுதிப்புடாதே தம்பி. உடைச்சவன் கையிலயா ஆயர் கயித்தைக் குடுப்பாரு? அந்தக் காலத்துலேருந்து என்கூடப் போட்டிக்கு நிக்கிற பர்ஹூம்கிட்ட குடுத்துருவாரு. அந்தப் பய அடிக்கிற மணியை நான் கேக்கணுமா?"

3

முடிவு ஒன்று: உண்மையை எழுதுகிறேன். தன்னூஸ் தலைகுனிந்து [வேண்டாம். அப்புறம் இந்த ஊரில் எனக்கு ரொட்டிகூடக் கிடைக்காது.]

முடிவு இரண்டு: பொய் எழுதுகிறேன். ஜோராகத்தான் வந்தது. இடி, அலை, ஊளையிடும் ஒரு நாய். [நாய் அதிகப்படி.]

தாளில் அந்த நாயை அடித்துக்கொண்டிருந்தபோது தன்னூஸின் மனைவி ஹிலானே ஒரு தட்டு அத்திப்பழத்தோடு வந்தாள். "புயல்னுதான் எழுதுறேன் பெரியம்மா" என்றேன்.

"புயலாவது புண்ணாக்காவது! இந்த மனுசன் மேல பாத்திருந்தா வளைவு விரியுறது தெரிஞ்சிருக்கும். கீழ நின்ன என்னையில்ல பாத்துக்கிட்டிருந்தாரு! கோவிலை இடிச்சவ நான்தான்னு எழுதிக்க. அவரு பேரு மட்டும் வந்துச்சு, உன் வாசல்ல உக்காந்து ஒப்பாரி வைப்பேன்." சிரித்தவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். "அடுத்த திருநாளுக்கு அவருக்குத் தெம்பிருக்குமோ என்னமோ. ஒரு தடவை இழுத்துக்கட்டுமே."

4

நான் கோழை. "அன்று மணிக்கூண்டை இடித்தது ........" என்று காலியாக விட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

இதோ, திருநாள். பாதிரியார் அந்தப் புள்ளிகளில் வந்து மாட்டிக்கொண்டார். வெளியூர்க்காரர், பாவம். "இடிச்சது என்னப்பா?" என்று சபையைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

கிழடுகள் எல்லாம் தொண்டையைச் செருமுகின்றன. எழுந்திருக்கப் போன பர்ஹூமை யாரோ சட்டையைப் பிடித்து உட்காரவைக்கிறார்கள். கயிறு தன்னூஸின் கையில் இருக்கிறது. இப்போதும் அவர் மேலே பார்க்கவில்லை, ஹிலானேயைத்தான் பார்க்கிறார்.

ஆயர் கடைசி பெஞ்சு வரை கண்ணை ஓட்டி, உங்களைக் காட்டுகிறார். ஆமாம், உங்களைத்தான்.

"நீங்க அசலூரு. உங்களுக்குப் பொய் சொல்ல அவசியமில்ல. நீங்க சொல்லுங்க."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். ஆயருக்குக் காது மந்தம்.