ஆர்டர் பொத்தான்

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் மைக்செட். எங்கே மைக் இருக்கிறதோ அங்கே அவன் இருப்பான். வலைத்தளம் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் கருவிகளைப் பற்றிப் பேசுவதும் பயிற்சி கொடுப்பதும்தான் அவன் பிழைப்பு. பிரவுசரில் ஒரு விசையைத் தட்டினால் பக்கத்தின் உள்குடலையெல்லாம் வெளியே காட்டும் கருவிப்பலகை ஒன்று திறக்குமே, அதில் அவன் புலி. அதை மூடவே மாட்டான். சினிமா டிக்கெட் எடுக்கும்போதும் அது ஓரத்தில் திறந்தே கிடக்கும்.

அவனுடைய அக்கா குழந்தைகளுக்குக் கவுனும் சட்டையும் தைத்து இணையத்தில் விற்பவள். மூன்று தையல் மெஷின், கூட உதவிக்கு இரண்டு பெண்கள். தளத்தைக் கட்டிக்கொடுத்தது தம்பிதான். சில மாதங்களுக்கு முன் ஆர்டர் பொத்தான் வேலை செய்யவில்லை என்று போன் செய்தாள். எங்கோ பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், நின்ற வாக்கிலேயே மடிக்கணினியைத் திறந்து சரிசெய்தான். ஒரு கவுனுக்கு ஆர்டர் போட்டுப் பார்த்தான். அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. "முடிஞ்சுதுக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அதற்குப் பிறகும் ஆர்டர் வரவில்லை.

"ஒரு அம்மா போன் பண்ணி, பொத்தான் இன்னும் அழுந்தலன்னு சொன்னாங்கடா. என் போன்லயும் அப்படித்தான் இருக்கு."

மைக்செட் உடனே தன் கணினியில் அழுத்திப் பார்த்தான். "எனக்கு ஜம்முனு வேலை செய்யுது. உங்க ரெண்டு பேர் போனும் ஓட்டை."

அவள் மறுபடியும் கேட்டபோது அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "தளத்துல ஒரு குறையும் இல்லக்கா. உன் துணியைத்தான் யாருக்கும் பிடிக்கல போல. இந்த மாதிரி கவுனெல்லாம் இப்ப யாரு போடுறா?"

அக்கா அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். உதவிக்கு இருந்த பெண்களை அனுப்பினாள். மெஷின்களை வாங்க ஆள் பிடித்தாள். வாங்கியவர்கள் வந்து எடுத்துப்போகும் நாளும் வந்தது. மைக்செட்டுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வியாபாரமென்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும் என்று தேறிக்கொண்டான். அடுத்தவர் கஷ்டத்தில் நமக்கு வரும் நிதானமே தனி.

அன்றைய பயிற்சி ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில். ஏசி கொஞ்சம் அதிகம். பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் பின்னால் என்னென்ன தகவல் போகிறது என்று காட்டுவது அடுத்த பாடம். அதற்காக அவன் வைத்திருந்த மாதிரித் தளம் அன்று பார்த்துத் திறக்க மறுத்தது.

"பரவாயில்ல, எங்க அக்கா கடை இருக்கு. எப்படியும் மூடப்போறாங்க. இஷ்டத்துக்கு ஆர்டர் போடுங்க" என்றான். சிரித்தார்கள். எல்லோரும் அழுத்தினார்கள்.

"சார், ஒண்ணும் நடக்கல" என்றாள் முன்வரிசைப் பெண்.

"நெட் மெதுவா இருக்கும்மா."

"எனக்கும் வரல சார்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "போன்லயும் பார்த்துட்டேன்."

மைக்செட் தானே அழுத்தினான். பெரிய திரையில் 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று வந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கணினிகளைப் பார்த்தார்கள்.

முன்வரிசைப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், காலைல ஒரு வசதி சொல்லிக் கொடுத்தீங்களே... நாம திருத்தினதை நம்ம கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கிட்டு, அசலுக்குப் பதிலா நமக்கு மட்டும் அதைக் காட்டும்னு. அது ஆன்ல இருக்கா?"

இருந்தது. சில மாதங்களுக்கு முன் அக்காவின் பொத்தானை அவன் திருத்தியது அங்கேதான். முதலில் தன் கணினியில் சரிபார்த்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் தெரியும்படி சர்வரில் ஏற்றலாம் என்று நினைத்தவன், ஓடிய ஓட்டத்தில் ஏற்ற மறந்துவிட்டான். கருவிப்பலகை திறந்திருக்கும்வரை அந்தத் திருத்தம் அவன் கண்ணுக்குத் தெரியும். அதைத்தான் அவன் மூடுவதே இல்லையே. வசதியை அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். பொத்தான் கல் மாதிரி கிடந்தது.

வெளியே வந்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று அக்காவுக்குப் போன் போட்டான்.

"சொல்லுடா. ஆளுங்க வந்துட்டாங்க, ரெண்டு மெஷினை வண்டில ஏத்தியாச்சு."

"அக்கா, அந்தப் பொத்தான் வேலையே செய்யலக்கா. எனக்கு மட்டும்தான் வேலை செஞ்சிருக்கு. திருத்தினதை நான் ஏத்தவே இல்ல. யாராலயும் ஆர்டர் போட்டிருக்கவே முடியாது."

மறுமுனையில் மூன்றாவது மெஷினை இழுக்கும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப என் துணியை யாரும் வேண்டாம்னு சொல்லலையாடா?"

"இல்லக்கா. நான் மட்டும்தான் சொன்னேன்."

அக்கா போனை வைக்கவில்லை. அதைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசியது அவனுக்கும் கேட்டது.

"அண்ணே, வண்டியை எடுத்துடாதீங்க. அந்த ரெண்டையும் இறக்கிடுங்க."