எதிர்மனுதாரர் ஞானப்பிரகாசம்

எங்கள் ஊரில், தப்பான ஆளுக்குப் போய்விட்ட சினிமா விருதுகளை வியாழக்கிழமைகளில் மாற்றிக் கொடுப்பார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்து மாடியில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு மேசை, மேசைமேல் இரண்டு தம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் சாமான். மனுதாரர் ஒரு பக்கம் உட்கார்ந்து, இந்த வருஷத்துப் பொன்மயில் விருதை இன்னாருக்குக் கொடுத்தது அநியாயம், இன்னாருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பார். எதிர்மனுதாரர், அதெல்லாம் ஒன்றும் கிடையாது, கொடுத்தது கொடுத்ததுதான் என்பார். தொண்டை வறண்டு யார் முதலில் தம்ளரைத் தூக்குகிறாரோ அவர் தோற்றார். மனுதாரர் ஜெயித்துவிட்டால், வாங்கியவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலிருந்து பொன்மயில் இறங்கி உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். தூரமாக இருந்தால் பஸ் ஏறும். கண்டக்டர்கள் அதற்கு ஜன்னலோரத்தில் இடம் விடுவார்கள்.

தில்லைநாயகம் முப்பத்தோரு வருஷமாக மனுதாரர். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. அந்த முப்பத்தோரு வருஷமும் எதிர்மனுதாரர் ஒரே ஆள்தான்: ஹோமியோபதி வைத்தியர் ஞானப்பிரகாசம். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் எதிர்த்தால் அப்படி எதிர்ப்பார். காது கேளாத தபால்காரனாக நடித்த சோணாசலத்தை விட்டுவிட்டு, வாள் சுழற்றிய பூபதிராஜுக்குச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்த கதையை மட்டும் அவர்கள் பதினான்கு வியாழக்கிழமை பேசினார்கள்.

"வே, அந்தத் தபால்காரன் கடைசி வரைக்கும் திரும்பிப் பாக்காம நடந்து போறானே, அது நடிப்பு இல்லியா?" என்பார் தில்லைநாயகம்.

"காது கேக்காதவன் எதுக்குவே திரும்பிப் பாக்கான்? அது நடிப்பில்ல, வியாதி. ரெண்டு வேளை மருந்து சாப்பிட்டா சரியாப் போவும்."

தில்லைநாயகத்துக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குப் போய் ராத்திரி சோறு தின்னும்போதும் அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார். அடுத்த வியாழன் வரைக்கும் அந்த யோசனையே அவருக்குத் துணை.

மாசிக் கடைசியில் ஞானப்பிரகாசம் இறந்துபோனார்.

எதிர்மனுதாரர் இல்லாமல் மூன்று வியாழக்கிழமை போனால் வழக்குக் கோப்பை மூடிவிட வேண்டும், நாற்காலிகளைக் கீழே பத்திரப்பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அலுவலக எழுத்தர் மரகதவல்லி அதை எடுத்துச் சொன்னாள். இரண்டு வியாழன் போய்விட்டது. தில்லைநாயகம் எதிர்ப்பதற்கு ஓர் ஆள் தேடிப் புறப்பட்டார்.

டீக்கடை இசக்கியிடம் போய், "சோணாசலத்துக்குத்தான் குடுத்திருக்கணும். நீ என்ன சொல்லுத?" என்றார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்," என்றான் இசக்கி. "சீனி கம்மியாத்தான?"

முடிவெட்டுகிறவர் சரி என்றார். பக்கத்து வீட்டு வங்கிக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டே "கரெக்ட், கரெக்ட்" என்றார். மருந்துக்கடைப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஊரே அவரை ஆமோதித்தது. ஆமோதித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. ஐயோ, அந்த மனுஷனுக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் எவ்வளவு தனியாக இருக்கிறோம் என்று. வீட்டுக்கு வந்து மேசை மின்விசிறியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, "சோணாசலம்தான்," என்றார். மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது. கொஞ்ச நேரத்துக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் மின்விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். மரகதவல்லி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"மின்விசிறி எதிர்க்கலாம் சார். ஆனா சீட்டு எழுதணுமே. கை வேணும்."

சீட்டு என்பது மனச்சாட்சிச் சீட்டு. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இரண்டு பேரும் தங்கள் உண்மையான அபிப்பிராயத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அது விசாரணையில் சேராது. எழுதியவர் இறந்த பிறகு எதிராளியிடம் ஒப்படைக்கப்படும்.

"நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க," என்று மரகதவல்லி பழைய சீட்டுகளின் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

தில்லைநாயகம் அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தார். ஞானப்பிரகாசத்தின் சின்னச் சின்ன எழுத்து. சோணாசலம்தான். மனுதாரர் சொல்வதே சரி. மனுதாரர் சொல்வதே சரி. தில்லை சொன்னது நூற்றுக்கு நூறு. முப்பத்தோரு வருஷமும் அதேதான்.

உலகத்தில் தன்னை எதிர்க்க ஒரே ஓர் ஆள் இருந்தான், அவனும் ஊரோடு சேர்ந்து ஆமாம் போட்டவன்தானா? அப்படியானால் இத்தனை வருஷமும் அந்த அறையில் தான் ஒற்றை ஆளாகவா பேசிக்கொண்டிருந்தோம்? கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பேனாவை வாங்கி, நின்றபடியே ஒரு மனு எழுதினார்: கடந்த முப்பத்தோரு வருஷத்துச் சிறந்த நடிகர் விருதுகள் அத்தனையும் தப்பான ஆட்களுக்குப் போயிருக்கின்றன, அவை காலஞ்சென்ற ஞானப்பிரகாசத்துக்கே உரியவை.

மரகதவல்லி வாசித்துப் பார்த்து முத்திரை குத்தினாள். "எதிர்மனுதாரர் பேர் எழுதலியே சார்?"

"யாரு இருக்கா?"

"அப்போ சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் போவும்."

கல்லறைத் தோட்டம், மூன்றாவது வரிசை, வேலியோரம் என்று விலாசம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினாள். புதன்கிழமை சாயங்காலம் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது.

மூன்றாவது வியாழன், பதினோரு மணிக்கு ஞானப்பிரகாசம் மாடிப்படி ஏறி வந்தார். சட்டை முழுக்க ஈரம். மரகதவல்லி பதிவேட்டைத் தள்ளினாள், கையெழுத்துப் போட்டார். சீட்டு ஒன்றை எடுத்து எழுதி, மடித்து, பெட்டியில் போட்டார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருவே சொன்னது, நான் நடிச்சேன்னு?"

தில்லைநாயகம் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "உம்ம சீட்டுதான் சொல்லுது. முப்பத்தோரு வருஷம் என் எதிர்ல உக்காந்துக்கிட்டு, மனசுக்குள்ள ஆமாம் போட்டிருக்கீரே."

"சீட்டுல எழுதினது பொய்வே. நாற்காலில உக்காந்து பேசினதுதான் நெசம். சோணாசலம் நடிச்சது நடிப்பே இல்ல."

"பெறவு எதுக்குப் பொய் எழுதினீரு?"

"நான் போன பெறவு நீரு ஒத்தையா உக்காந்து படிப்பீருன்னு தெரியும்லா? மனசு குளிரட்டும்னு எழுதினேன்."

"குளிரல."

"தெரியுது. அதான் வந்தேன்."

தில்லைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்மனுதாரர் சொல்வது முழுப் பொய், அவரைப்போல ஒரு மகா நடிகன் இந்தத் தமிழ்நாட்டில் பிறந்ததே இல்லை என்று ஆரம்பித்தார். ஞானப்பிரகாசம் மேசையில் அடித்தார். தனக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கக்கூடத் தெரியவில்லை, அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேளும் என்றார். அந்த வாத்தியாருக்கு ரசனையே கிடையாது என்றார் தில்லைநாயகம். மத்தியானம் ஆயிற்று. கீழே பத்திரம் எழுத வந்தவர்கள் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார்கள். பங்குனி வெயிலில் ஓடு காய்ந்து, அறை அடுப்பங்கரை மாதிரி இருந்தது. இரண்டு பேர் குரலும் கம்மிப் போய்விட்டது. தில்லைநாயகத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குடித்தால் வழக்கு முடிந்துவிடும், எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார். அவர் கையைத் தூக்கவில்லை. ஞானப்பிரகாசமும் தன் தம்ளரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"குடிக்கணும்னா குடியும்வே," என்றார் தில்லைநாயகம், சத்தமே வராமல்.

"எனக்குத் தாகமே கிடையாது. நீரு குடியும்."

நாலே முக்காலுக்குப் படிக்கட்டில் நகம் தட்டுகிற சத்தம் கேட்டது. முப்பத்தோரு வருஷத்து மயில்களில் முதல் வருஷத்து மயில், எப்படியும் தீர்ப்பு வந்துவிடும் என்று முன்கூட்டியே சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தது. தோகையெல்லாம் ரோட்டுப் புழுதி. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேசைமேல் ஏறி, தில்லைநாயகத்தின் தம்ளரில் அலகை விட்டு மடமடவென்று குடித்தது.

மரகதவல்லி மணியைப் பார்த்தாள். பதிவேட்டில், "மயில் தோற்றது. மனுதாரர், எதிர்மனுதாரர் வழக்கு நிலுவையில். அடுத்த வியாழன் காலை பதினோரு மணி," என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

ஞானப்பிரகாசம் எழுந்து சட்டை நுனியைப் பிழிந்தார்.

"வரும்போது உம்ம குடையைக் கொண்டாரும்வே," என்றார். "எங்க பக்கம் மழை விடவே மாட்டேங்கு."

"பங்குனியில ஏதுவே மழை?" என்றார் தில்லைநாயகம்.