அடுத்தவர் பக்கம் முதலில்

ஒன்பதாம் வகுப்புக்குக் கிரேக்கத் தத்துவம் சொல்லிக் கொடுக்கும்படி அந்த வரலாற்று ஆசிரியையிடம் யாரும் கெஞ்சவில்லை. அவளாகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். வருடத் தொடக்கத்தில் ஆசிரியர்களைக் கூட்டி வைத்துத் தலைமையாசிரியை ஒரு கேள்வி கேட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் பெஞ்சில் பெயர் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள், என்ன செய்யலாம்? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, யோசிக்கச் சொல்லிக் கொடுக்கலாமே என்றாள். பக்கத்தில் இருந்த கணக்கு ஆசிரியர் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். மிதிக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் அவள் கணவர். அந்த பீரியடின் மேல் அவருக்கும் ஒரு கண் இருந்தது.

முதல் சில வாரங்கள் வகுப்பு படுமோசமாகப் போனது. தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, இரவல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்து, வாயில் நுழையாத பெயர்களாகப் பலகையில் எழுதித் தள்ளினாள். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றார் ஒருவர், இல்லை காற்றிலிருந்து வந்தது என்றார் இன்னொருவர் என்று அவள் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். பின்பெஞ்சைப் பார்த்தால் எல்லாம் கொட்டாவியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு சாக்ரடீஸைப் பற்றிப் பேசினாள். அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்றதுமே வகுப்புக்கு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. அவர் சந்தையில் போய் நிற்பார், படைத்தலைவரைப் பார்த்தால் வீரம் என்றால் என்ன என்று கேட்பார், பக்திமானைப் பார்த்தால் பக்தி என்றால் என்ன என்பார், பதில் வந்தால் அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை உருவுவார் என்று அவள் சொல்லச் சொல்ல, பின்பெஞ்சு நிமிர்ந்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பதினைந்து வருடமாக எந்த அரசன் எந்த வருடம் யாரை வென்றான் என்று ஒப்பித்து ஒப்பித்து அலுத்துப் போனவள் அவள். இப்படி ஒரு வகுப்புக்காகத்தான் தான் ஆசிரியையாக வந்தோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் என்ன ஆகும்? அடுத்த திங்களன்று வாசல் காவலாளியிடம் ஒருவன், தாமதம் என்றால் மணி அடித்த பிறகு வருவதா, கேட்டை மூடிய பிறகு வருவதா என்று கேட்டான். அந்த மனுஷர் நல்லவர், நின்று யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அரை வகுப்பு உள்ளே போய்விட்டது. நூலகரிடம் அமைதி என்றால் என்ன என்று கேட்டார்கள், அதுவும் சத்தமாக. கணக்கு ஆசிரியரிடம் பூஜ்ஜியம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டதில் ஒரு முழு பீரியட் போயிற்று. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தவள் ஒரு பெண். வகுப்பில் அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். அவர் சொல்வதற்கு யாரும் மறுத்துப் பேசியதில்லை, பேசவும் முடியாது. அப்படிப்பட்டவர் ஒரு மாலை கையில் ஊசியோடு ஒரு அம்மாளிடம் துளிகூட வலிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டுச் சாவி வாங்க வந்த மகள் கதவருகே நின்று கேட்டாள்.

"அப்பா, வலிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல அப்படி நம்புறீங்களா?"

தெரிவது வேறு, நம்புவது வேறு என்று அந்த வாரம்தான் வகுப்பில் பேசியிருந்தார்கள். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பைத் தேடினார். வெளியே காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் தலைமையாசிரியையின் அறையில் இருந்தார். கூடவே இன்னும் சில பெற்றோர்கள். வெளியே வராந்தாவில் நின்ற வரலாற்று ஆசிரியைக்கு அவர் குரல் மட்டும் கேட்டது, மற்றவர்களுக்கு அவர் இடம் கொடுத்திருக்கமாட்டார். கடைசியில் தலைமையாசிரியை அவளை உள்ளே கூப்பிட்டு, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசி முடிவு செய்வோம் என்றார். வகுப்பின் சார்பில் ஒருவர் பத்து நிமிடம் பேசலாம். எடுபடவில்லை என்றால் தத்துவத்தை எடுத்துவிட்டு அந்த பீரியட் கணக்குக்குப் போகும்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லிடவா?" என்று அன்றிரவு கணவர் கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் அந்த ஆசை நன்றாகவே தெரிந்தது. நாற்பது நிமிடம் என்றால் எத்தனை முக்கோணம்! அப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் என்றுவிட்டு அவள் விளக்கை அணைத்தாள். தூக்கம் வரவில்லை. டாக்டர் மேல் கோபம் வந்தது, பிறகு தன்மேலேயே வந்தது. கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தோமே, காது கொடுத்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தோமா? பிள்ளைகள் கேள்வியைக் கல் மாதிரி எறிந்துகொண்டிருந்தார்கள். எறியக் கொடுத்தவள் அவள்தான்.

அடுத்த வகுப்பில் ஒரு சட்டம் கொண்டு வந்தாள். இனி யாரையும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால், முதலில் அவர் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அரைகுறையாக இல்லை, அவரே சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ அதைவிட நன்றாக. அவர் 'அதேதான்' என்று ஒப்புக்கொள்கிற வரைக்கும் எதிர்ப்பேச்சு கூடாது. அவர் ஒப்புக்கொண்டதும், பதிலுக்கு அவர் இவர்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சண்டை அதற்குப் பிறகுதான்.

வகுப்பு முதலில் முனகியது. இரண்டே வாரத்தில் பைத்தியமாகிவிட்டது. விளையாட்டு மைதானத்தில் அவுட்டா இல்லையா என்ற தகராறில்கூட, அவுட் இல்லை என்பவன் அவுட் என்பவனுடைய பக்கத்தை உருக்கமாக எடுத்துச் சொன்னான். 'அதேதான்' கிடைப்பதற்குள் மணி அடித்துவிடும். காவலாளியின் பக்கத்தைச் சொல்லப் போனவன் அவர் அதிகாலையில் எழுந்து இரண்டு பஸ் மாறி வருவதைத் தெரிந்துகொண்டு, மறுநாளிலிருந்து சீக்கிரம் வரத் தொடங்கினான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இதைப் பார்த்தால் எந்தப் பெற்றோர் வேண்டாம் என்பார்கள் என்று தைரியமாக இருந்தாள். அந்தத் தைரியத்தில் ஒரு ஓட்டை இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. வகுப்பின் சார்பில் பேச வக்கீலைத்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என்ன பேசப் போகிறாய் என்று ஆசிரியை கேட்கவில்லை. கேட்டால் எழுதிக் கொடுத்தது போலாகிவிடும் என்ற ரோஷம். தலைமையாசிரியை மேசை மணியை முன்னால் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் என்றார்.

பெண் மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, "முதல்ல எங்க அப்பா பக்கம்" என்று ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஆசிரியைக்கு உறைத்தது. சட்டம். இந்தப் பெண் சட்டத்தை மீறமாட்டாள். கண்ணால் ஜாடை காட்டினாள், தொண்டையைச் செருமினாள். ஒன்றும் எடுபடவில்லை.

கேள்வி கேட்பது சுலபம், பதில் சொல்வதுதான் கஷ்டம் என்றாள் பெண். பதில் சொல்கிறவர்களுக்கு வேலை இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடலாம். டாக்டர் இடையில் நிறுத்தி, பொறுப்பு மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது என்று திருத்தினார். அவள் அதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இன்னொரு திருத்தம். இன்னொரு முறை. ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"வலிக்காதுன்னு டாக்டர் சொல்றது தகவல் இல்ல, தைரியம்" என்றாள் பெண். "பயந்து போய் உட்கார்ந்திருக்கிறவங்க கையைப் புடிச்சுக்கற மாதிரி. அந்த நேரத்துல உண்மையா பொய்யான்னு கேட்டா, புடிச்ச கையைத் தட்டி விட்டுட்டோம்னு அர்த்தம். இதுகூடத் தெரியாத பசங்களுக்குக் கேள்வி கேக்க மட்டும் சொல்லிக் குடுக்கற வகுப்பு எதுக்கு? சரியா சொன்னேனாப்பா?"

டாக்டரின் கட்டியிருந்த கை எப்போதோ அவிழ்ந்திருந்தது. தான் இவ்வளவு நல்ல விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோமா என்று அவருக்கே ஆச்சரியம்.

"அதேதான்" என்றார்.

மணி அடித்தது.

மண்டபமே கை தட்டியது. பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். காவலாளிகூடக் கதவோரம் நின்று தட்டினார். இந்த வகுப்பு வேண்டாம் என்பதற்கு இதைவிட அருமையாக யாரும் வாதாடியிருக்க முடியாது, வாதாடியது வகுப்பின் வக்கீல். கணக்கு ஆசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் இப்போது முக்கோணம் இல்லை, மனைவியின் முகம்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஆனாலும் அந்தப் பெண் பேசியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

தலைமையாசிரியை எழுந்தார். பெற்றோர்களின் கருத்து தெளிவாகத் தெரிகிறது, எனவே வரும் வாரத்திலிருந்து அந்த பீரியட் என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று டாக்டர் எழுந்து நின்றார். "அவ பக்கத்தை இன்னும் சொல்லலையே."

நேரம் முடிந்துவிட்டது என்றார் தலைமையாசிரியை.

"முடியட்டும். பாதி பல்லைப் புடுங்கிட்டு யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நீ சொல்லும்மா."

பெண் மாட்டேன் என்று தலையசைத்தாள். "நான் சொல்லக் கூடாதுப்பா. உங்க பக்கத்தை நான் சொல்லிட்டேன். இப்ப என் பக்கத்தை நீங்கதான் சொல்லணும். அதான் சட்டம்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. பெரியவர்களை மடக்கிப் பார்க்க வேண்டும், அதில் ஒரு குஷி, அதுதானே உன் பக்கம் என்றார். இல்லை என்றாள் மகள். சரி, அறிவு வளர்கிறது, நாளைக்கு நாலு பேர் முன்னால் தைரியமாகப் பேசலாம், வேலைக்கும் உதவும் என்றார். அதுவும் இல்லை என்றாள், அது பள்ளிக்கூடத்தின் பக்கம்.

டாக்டர் திறந்த வாயை மூடினார். வாயடைத்து நிற்பது அவருக்குப் புது அனுபவம், நன்றாகவே தெரிந்தது. மண்டபத்தில் சிரிப்பு அடங்கியது. அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் உதவவில்லை, காத்திருந்தாள். ஆசிரியை நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"நான் வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பிப்பேன்" என்றார் கடைசியில், மைக்கைச் சற்று விலக்கிப் பிடித்தபடி. "தூங்கப் போற வரைக்கும் பேசுவேன். நீ சின்ன வயசுலேர்ந்து 'ம்'னு சொல்லிக்கிட்டு இருப்ப. உங்கம்மாவும் 'ம்'னு சொல்லுவா. இந்த வருஷந்தான் நீ 'ம்' சொல்றதை நிறுத்தின. கேள்வி கேக்க ஆரம்பிச்ச. நான் சொல்றதை நெஜமாவே கேட்டாதானே, அதுக்குள்ளேர்ந்து கேள்வி வரும். அதுக்கு முன்னாடி நான் சொன்னது எதுவும் உன் காதுல விழுந்ததே இல்ல. இப்பதான் விழுது. உன் பக்கம் அதானா கண்ணு?"

"அதேதான்பா" என்றாள் மகள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்துத் திரும்பினார்.

"மேடம், இந்த வகுப்பை எடுத்துட்டீங்கன்னா, அப்புறம் என் வீட்டுல எங்கூடப் பேச ஆள் இல்ல."

யாரும் கை தட்டவில்லை. ஒரு தாய் தன் பையன் தலையை வெறுமனே தடவிக் கொடுத்தாள். தலைமையாசிரியை கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார், இரண்டாக மடித்து மேசையில் வைத்தார். பிறகு வரலாற்று ஆசிரியையிடம், வகுப்பு நடக்கும், உங்கள் பக்கத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். ஒரு மாதமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்று தயாராக இருந்தது. அதில் ஒரு வரிகூட இப்போது தேவைப்படவில்லை.

"இல்ல மேடம்" என்றாள். "அவரே சொல்லிட்டார்."